கிடை நகர்ந்துவிட்டது: பாமணியாற்றங்கரையில் ஓர் ஆட்டுக்கொல்லி நோய் நிகழ்வு

பங்குனி பிறந்து உளுந்து பிடுங்கி முடித்த வயல்கள் காயத் தொடங்கும்போது, மன்னார்குடிப் பக்கம் செம்மறிக் கிடைகள் வந்து இறங்கும். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து, ஊர் ஊராக மந்தை மேய்க்கும் கீதாரிகள் ஓட்டி வரும் ஆடுகள். சிலர் சம்பா அறுவடை முடிந்த கையோடு கிளம்பிவிடுவார்கள். உளுந்தும் பயறும் நிற்கிற வயலில் ஆட்டை இறக்க முடியாது என்பதால் அதுவரை தரிசு, ஆற்றங்கரை, வாய்க்கால் மேடு என்று சுற்றுவார்கள். வயல் காலியானதும் ஒவ்வொரு வயலாகக் கிடை மறிப்பார்கள், அதாவது இரவில் ஆடுகளை வயலில் அடைப்பார்கள். நிலத்துக்காரருக்கு எரு, கீதாரிக்கு இரவுக் கணக்கில் கூலி. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு உழவு ஆரம்பித்துவிடும். அதற்குள் ஊர் திரும்ப வேண்டும்.

நான் அப்போது பாமணியாற்றங்கரை ஊர் ஒன்றின் கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராக இருந்தேன். ஊர் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் நிலத்துக்காரர் ஒருவர் போன் செய்தார்: "சார், நம்ம வயல்ல கெடக்குற கிடையில குட்டி சாவுது. ஊர்க்காரங்க பயப்படுறாங்க. வந்து ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க."

மூன்று குடும்பத்து ஆடுகள் ஒன்றாகச் சேர்ந்த கிடை அது. அறுநூறு சொச்சம் உருப்படி. அதுவரை 14 குட்டிகள் இறந்திருந்தன. எல்லாமே நாலு மாதத்துக்கு மேல், எட்டு மாதத்துக்குள். இருமல், மூக்கில் கெட்டியான சளி, மூச்சு வாங்கல். சிலவற்றுக்குக் கழிச்சலும் இருந்தது. பெரிய ஆடுகள் மட்டும் எதுவும் நடக்காதது போல் தாள் மேய்ந்துகொண்டிருந்தன.

மூத்த கீதாரி என் அப்பா வயது மனிதர். பி.பி.ஆர். என்று நாங்கள் சொல்லும் வைரஸ் நோயான ஆட்டுக்கொல்லியாக இருக்குமோ என்று கேட்டதும் தலையை ஆட்டினார். "அது இல்லய்யா. போன வருசந்தான் ஊருல ஊசி போட்டாச்சு. இது சளிதான். ராத்திரி பனி, பகல்ல இந்த வெயிலு, குட்டிக்குத் தாங்கல."

அவர் பொய் சொல்லவில்லை. ஊசி போட்டது பெரிய ஆடுகளுக்கு. அந்தத் தடுப்பூசி ஒருமுறை போட்டால் மூன்று வருடமாவது தாங்கும். செத்துக்கொண்டிருந்தவை அந்த ஊசிக்கு அப்புறம் பிறந்த குட்டிகள். தாயின் சீம்பாலில் கிடைக்கும் எதிர்ப்பு மூன்று, நான்கு மாதத்தில் கரைந்துவிடும். இறந்த குட்டிகளின் வயதை எழுதிய இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

மணி ஐந்தாகிவிட்டது. இறந்த குட்டி ஒன்றை வரப்போரமாகக் கிடத்தி நெஞ்சைத் திறந்தேன். நுரையீரலின் முன்பகுதி கருஞ்சிவப்பாகி ஈரல் போல இறுகியிருந்தது. ஒரு துண்டை வெட்டி ஐஸில் வைத்தேன். வெளிச்சம் குறைகிறது, வீட்டுக்குத் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும் என்ற யோசனையில் வயிற்றைத் திறக்கவில்லை. மாதிரியோடு போகும் படிவத்தில் "நுரையீரல் அழற்சி, பாக்டீரியா வளர்ப்புக்கு" என்று எழுதினேன். இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய தவறு அந்த ஒரு வரிதான்.

கேட்டதற்கு ஆய்வகம் சரியாகவே பதில் சொன்னது. மூன்றாம் நாள் பாஸ்டுரெல்லா வகைக் கிருமி வளர்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. எந்த மருந்து அதைக் கேட்கும் என்ற பட்டியலும் கூடவே வந்தது. ஊசி போட்டோம். சாவு குறைந்தது. கீதாரி சொன்ன சளி, நான் சந்தேகித்த நுரையீரல் அழற்சி, ஆய்வகம் கண்ட கிருமி மூன்றும் பொருந்திப் போனதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஆட்டுக்கொல்லி நோய் உடலின் எதிர்ப்பைக் குலைத்துப் போட்ட பிறகு, சும்மா தொண்டையில் குடியிருந்த பாஸ்டுரெல்லா நுரையீரலுக்குள் இறங்குவது சகஜம். பாக்டீரியாவை மருந்து அடக்கினால் சாவும் கொஞ்சம் அடங்கும். வைரஸ் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இதெல்லாம் கல்லூரியில் படித்ததுதான்.

ஆறாம் நாள் கிடை கிழக்கே இரண்டு ஊர் தள்ளிப் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் காலை மருந்தக வாசலில் ஒரு பாட்டி வெள்ளாட்டுக் குட்டி ஒன்றை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "டாக்டர் தம்பி, கண்ணு ரெண்டும் ஒட்டிக்கிட்டுத் தொறக்க மாட்டேங்குது. வாயில கைய வச்சா நாறுது." காய்ச்சல் 106 டிகிரி. ஈறில் தவிடு தூவியது போல வெண்படலம், விரலால் தேய்த்தால் உரிந்து வந்தது. பாட்டியின் தெருவில் இருந்த எழுபது சொச்சம் வெள்ளாடுகளில் அன்றைக்கே ஒன்பது படுத்திருந்தன. கிடை இருந்தபோது செம்மறிகள் தண்ணீர் குடித்த குளத்தில்தான் இந்த ஆடுகளும் குடித்தன, ஒரே கரையில் மேய்ந்தன. நோய் தொற்றி வெளியே தெரிய பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு நாள். கணக்கு கச்சிதமாக விழுந்தது.

வேறு எதுவாக இருக்கலாம் என்றும் பார்த்தேன். நீலநாக்கு நோயிலும் வாய் புண்ணாகும், மூக்கு ஒழுகும். ஆனால் அது குலிகாய்டிஸ் என்ற, கண்ணுக்கே சரியாகப் புலப்படாத கடிபூச்சியால் பரவுவது. நம்மூரில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிச் செம்மறிகளைத்தான் அடிக்கும், வெள்ளாடு பெரும்பாலும் தப்பிவிடும். கோமாரி என்றால் நொண்ட வேண்டும். இங்கே ஒன்றும் நொண்டவில்லை.

இந்தத் தடவை மாதிரியை முறையாக எடுத்தேன். செத்ததையும் சாகக் கிடப்பதையும் விட்டுவிட்டு, காய்ச்சல் ஏறி ஓரிரு நாளே ஆன ஆறு ஆடுகளைத் தேர்ந்தெடுத்தேன். கண், மூக்கு, வாய் மூன்றிலும் தனித்தனிப் பஞ்சுக் குச்சி, உறையாத இரத்தம் ஒரு குழாய். அன்று அதிகாலை இறந்த ஆடு ஒன்றை முழுதாகத் திறந்து மண்ணீரல், நிணநீர்க் கட்டி, நுரையீரல் எல்லாம் எடுத்தேன். பெருங்குடலைக் கீறிப் பார்த்தபோது உள்சவ்வின் மடிப்புகளில் சிவப்புக் கோடுகள் வரிசையாக ஓடின. வரிக்குதிரைக் கோடு என்று பாடத்தில் வருமே, அதுதான். முதல் குட்டியின் வயிற்றைத் திறந்திருந்தால் ஒன்பது நாள் முன்பே இதைப் பார்த்திருப்பேன்.

இந்த வைரஸ் கெட்டியானது என்று நினைக்க வேண்டாம், மிகவும் நோஞ்சான். 37 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய மூன்றேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரையும். பங்குனி வெயிலில் பேருந்து டாப்பில் ஏற்றிய தெர்மாகோல் பெட்டி என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரவுப் பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானே போனேன். இந்தத் தடவை படிவத்தில் சந்தேகிக்கும் நோய், பாதித்த வயது, தடுப்பூசி விவரம், பக்கத்தில் தங்கிய கிடை என்று இரண்டு பக்கம் எழுதினேன். வாங்கிக்கொண்டவர், "இவ்வளவு எழுதுறவங்கள இப்பத்தான் சார் பார்க்குறேன்" என்றார். பாராட்டா கிண்டலா தெரியவில்லை.

மேலே என்ன நடக்கிறது

ரெஃபரன்ஸ் லேப் என்று நாங்கள் சொல்லும் மேற்கோள் ஆய்வகத்தைப் பற்றி ஊரில், ஏன், எங்கள் துறையிலேயே பலருக்கு இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: கீழே முடியாததை மேலே அனுப்புவது, அங்கே பெரிய மிஷின் இருக்கும். மிஷின் இருப்பது உண்மைதான். பி.சி.ஆர். மிஷின் இன்று பல இடங்களில் இருக்கிறது. மேற்கோள் ஆய்வகத்தின் வேலை அதைத் தாண்டியது.

எலிசா சோதனையை எடுத்துக்கொள்வோம். குழிகள் கொண்ட தட்டில் மாதிரியை ஊற்றுகிறோம், நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறினால் நோய் உண்டு, எவ்வளவுக்குக் கீழே இல்லை என்ற கோட்டை யார் போடுவது? ஆட்டுக்கொல்லிக்கு இந்தியாவில் அந்தக் கோட்டைப் போட்டது இமயமலையில் முக்தேஸ்வரில் இருக்கும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம். வைரஸைப் பிடிக்க ஒன்று, இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை அளக்க ஒன்று என்று இரண்டு எலிசா தொகுப்புகள் அங்கே உருவாகி நாடு முழுக்கப் போயின. 1889-இல் புனேயில் ஆரம்பித்து 1893-இல் முக்தேஸ்வருக்கு மாறிய பழைய ஆய்வகம் அது. ரிண்டர்பெஸ்ட் எனப்படும் மாட்டு வெக்கை நோய்க்காக, காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக் அங்கே போயிருக்கிறார். சோதனைத் தொகுப்பு கொடுத்தால் மட்டும் போதாது. விடை தெரிந்த மாதிரிகளை எண் மட்டும் போட்டுக் கீழ் ஆய்வகங்களுக்கு அனுப்பி, என்ன விடை வருகிறது என்று பார்க்க வேண்டும். தேர்வு வைப்பது மாதிரிதான். தஞ்சாவூரில் "உண்டு" என்று வருகிற மாதிரி கௌஹாத்தியிலும் "உண்டு" என்றே வர வேண்டும். வராவிட்டால் இரண்டு ஊரின் கணக்கைக் கூட்டி நாட்டின் கணக்கு என்று சொல்ல முடியாது.

உலக அளவிலும் இதே அடுக்குதான். 1924-இல் பாரிஸில் தொடங்கிய உலகக் கால்நடை நலவாழ்வு அமைப்பு நோய்க்கு நோய் மேற்கோள் ஆய்வகங்களை அங்கீகரிக்கிறது. ஆட்டுக்கொல்லிக்கு இங்கிலாந்தின் பிர்பிரைட், பிரான்சின் மோன்பெலியே நகரத்து ஆய்வகம் இரண்டும் பழையவை. கால்நடை நோய்ப் பரவலை ஆராயும் பெங்களூருவின் நிவேதி நிறுவனமும் இப்போது அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. பறவைக் காய்ச்சலுக்குப் போபால் ஆய்வகம். நாம் தஞ்சாவூரில் ஒரு வாத்து மந்தையைச் சந்தேகித்தாலும் கடைசி வார்த்தை போபாலில் இருந்துதான் வரும்.

அரசூர்

இந்தச் சங்கிலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு கதை உண்டு. டெல்டாவிலிருந்து அதிக தூரமில்லை.

1987-இல், இன்றைய விழுப்புரம் மாவட்டம் அரசூரில் செம்மறிகள் செத்தன. அதற்கு முன்பு தென்னிந்தியாவில் ஆடுகள் இப்படிச் செத்தால் மாட்டு வெக்கை நோய் ஆட்டுக்கும் வந்துவிட்டது என்றே எழுதினார்கள். தப்பு சொல்ல முடியாது. இரண்டும் அண்ணன் தம்பி வைரஸ்கள். ஒன்றுக்கான சோதனையில் மற்றதும் "உண்டு" என்று காட்டும். அரசூர் வைரஸ் மாட்டு வெக்கை இல்லை, 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் முதலில் விவரிக்கப்பட்ட ஆட்டுக்கொல்லி என்று பிரித்துச் சொன்ன கட்டுரை 1989-இல் வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம். எஸ். ஷைலாவும் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதியது. இந்தியாவில் அந்த நோயின் முதல் பதிவு அதுதான்.

பெயர் மாறியதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். அப்போது நாடு மாட்டு வெக்கையை ஒழித்துக்கட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. ஒழிந்தது என்று உலகம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் தடுப்பூசியை நிறுத்திவிட்டு, அப்புறமும் நோய் இல்லை என்று காட்ட வேண்டும். செத்த ஆடு ஒவ்வொன்றையும் மாட்டு வெக்கை என்று எழுதிக்கொண்டிருந்தால் அந்த நாள் வந்தே இருக்காது. இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் சோதனைகள் மேற்கோள் ஆய்வகங்களில் பிறந்து கீழே வந்த பிறகுதான் கணக்கு சுத்தமானது. இந்தியாவில் கடைசி மாட்டு வெக்கை 1995-இல், அதுவும் தமிழ்நாட்டில். 2006-இல் இந்தியாவும் 2011-இல் உலகமும் அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிப்பு வந்தது. அரசூரில் எடுத்த வைரஸோ தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கையில் தடுப்பூசியாக மாறியது. அரசூர் 87 என்று கிராமத்தின் பெயரையே வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

முடிவும் கிடையும்

என் மாதிரிகளுக்கு வருகிறேன். நான்காம் நாள் போன் வந்தது: ஆறில் ஐந்து ஆட்டில் எலிசா "உண்டு". எழுத்து அறிக்கைக்குக் காத்திருக்காமல் போனிலேயே சொன்னதற்கு அந்த ஆய்வகத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். பி.சி.ஆர். உறுதி செய்ய இன்னும் ஒரு வாரம். வைரஸின் மரபு வரிசை தெரிய மாதங்கள் ஆயின.

போன் வந்த அன்றே சுற்றியிருந்த ஏழு ஊர்களில் நோயில்லாத ஆடுகளுக்கு ஊசி போட ஆரம்பித்தோம். உறைந்து உலர்ந்த பொடியாக வரும் உயிருள்ள தடுப்பூசி அது. நீர் கலந்தால் ஐஸில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் விடியற்காலை நாலரைக்கே தெருவுக்குப் போய், ஆட்டை அவிழ்ப்பதற்குள் முடிப்போம். பாட்டியின் தெருவில் மொத்தம் 19 ஆடு படுத்தன, 11 இறந்தன. அந்த மடிக்குட்டியும் போய்விட்டது.

இனிதான் சிக்கல். கிடை எங்கே? நிலத்துக்காரரிடம் இருந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் சொன்ன அடுத்த நிலத்துக்காரர், அவர் சொன்ன இன்னொருவர் என்று நாலு போன் போட்டுத் திருத்துறைப்பூண்டிச் சாலையில் கண்டுபிடித்தோம். அதற்குள் மூன்று ஊர்களில் தங்கிப் போயிருந்தது. கிடையில் இறந்த குட்டி மொத்தம் 41. கீதாரி என்னைப் பார்த்ததும், "நீங்க குடுத்த மருந்துல நின்னுச்சேய்யா" என்றார். நின்றது மருந்தால் மட்டும் அல்ல, நோய் பிடிக்கக்கூடிய குட்டிகள் தீர்ந்துவிட்டதாலும்தான் என்று எப்படிச் சொல்வது?

பெரிய ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தால் நோய் எங்கே தொடங்கியது என்று தெரியுமா என்று உடன் வந்த கால்நடை ஆய்வாளர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் இந்த நோயில் தடுப்பூசியால் வந்த எதிர்ப்பையும் நோயால் வந்த எதிர்ப்பையும் பிரித்துக் காட்டும் சோதனை நம் கையில் இல்லை. ஊசி போட்ட ஆட்டின் இரத்தம் எப்படியும் "உண்டு" என்றுதான் சொல்லும். ஊசி போடாத, பிழைத்த குட்டிகளில் மட்டும் இரத்தம் எடுத்தோம். எடுத்த பன்னிரண்டில் பதினொன்று "உண்டு". கிடைக்குள் வைரஸ் சுற்றியது அதில் உறுதியானது. ஆனால் எங்கள் ஊருக்கு வரும்போதே இருந்ததா, வழியில் சந்தையில் வாங்கிச் சேர்த்த எட்டுக் குட்டிகளோடு ஏறியதா? சேர்த்தது பதினைந்து நாள் முன்பு என்றார் ஒரு பையன், ஒரு மாதம் முன்பு என்றார் கீதாரி.

மரபு வரிசை வந்தபோது ஆவணியாகிவிட்டது. நான்காம் மரபுக் கிளை என்று இருந்தது. ஆசியா முழுக்கச் சுற்றும் கிளை என்பதால் அது மட்டும் எனக்கு எதையும் சொல்லவில்லை. கூடவே இருந்த, எந்த வைரஸ் எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் கிளைப்படத்தில் எங்கள் வைரஸுக்குப் பக்கத்தில் நின்றவை இரண்டே இரண்டு, இரண்டும் தென் மாவட்டங்களில் முன்பு எடுத்தவை. அவ்வளவு பக்கத்தில் நிற்பதால் வழி தெற்கிலிருந்துதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இடையில் மாதிரியே எடுக்காத ஊர்கள் எத்தனையோ இருக்கும். மரபு வரிசை வங்கியில் சேர்ந்திருக்கும் மாதிரிகளின் அளவுக்குத்தான் படமும் பேசும். மேலே இருப்பவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும், வரப்பில் நிற்கிறவன் ஐந்து மணிக்கு அலுத்துப்போய் நெஞ்சை மட்டும் திறந்துவிட்டு வந்தால் அந்தப் படத்தில் ஒரு கிளை முளைக்காமலே போய்விடும்.

இன்னொரு கோளாறு படிவத்தில் இருந்தது. மாவட்டம், வட்டம், ஊர் என்று கட்டங்கள் உண்டு. நடந்துகொண்டே இருக்கும் மந்தைக்குக் கட்டம் இல்லை. நிவேதி நிறுவனம் இரண்டு மாதம் முன்கூட்டியே எந்த மாவட்டத்தில் எந்த நோய் வரலாம் என்று எச்சரிக்கை தருகிறது. நல்ல ஏற்பாடு, நான் தவறாமல் பார்ப்பேன். ஆனால் அதன் அடியில் இருப்பது இப்படி ஊர் ஊராக எழுதிய கணக்குதான். ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் உலகத்திலிருந்தே ஒழிப்பது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி இது அறிவிக்க வேண்டிய நோயும்கூட. கீதாரியின் ஊரில் குட்டிகளுக்கு மார்கழியிலேயே ஊசி போட்டுவிட்டால் தையில் ஆரோக்கியமாகக் கிளம்பும். அதற்கு எங்கள் ஊர் அறிக்கை அவர் ஊர் மருத்துவர் மேசைக்குப் போக வேண்டும். படிவத்தின் கடைசியில் "குறிப்பு" என்று இருந்த கோட்டில் கீதாரியின் சொந்த ஊர், வட்டம், கிடை வந்த வழி, போகும் வழி எல்லாவற்றையும் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினேன். அவர் ஊர் மருந்தகத்து டாக்டருக்குப் போனும் செய்தேன். "அவங்க வருசத்துல ஆறு மாசம் இங்க இருக்க மாட்டாங்க சார், ஊசி போடப் போனா வீடு பூட்டியிருக்கும்" என்றார் அவர். அதுவும் நியாயம்தான். ஐப்பசியில் எல்லோரும் ஊரில் இருப்பார்கள் என்று கீதாரி சொன்னதை அவரிடம் சொல்லி வைத்தேன்.

அடுத்த பங்குனியில் அந்தக் கிடை எங்கள் பக்கம் வரவில்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் போனதாகக் கேள்வி. நிலத்துக்காரர்களுக்குள் பேச்சு பரவியிருக்க வேண்டும்.

அந்த வருட முடிவில் வந்த நோய் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஆட்டுக்கொல்லிக்குச் சிவப்புப் புள்ளி. திருவாரூர் மாவட்டத்தில் இருந்த ஒரே புள்ளி எங்கள் ஊர் மேல். கிடை தங்கிப் போன அடுத்த மூன்று ஊர்களும், அது கிளம்பி வந்த ஊரும் வெள்ளையாக இருந்தன.